ஆவாரத் தண்ணீரில் ஊறிய மேடை

ஆவணி மாதத்து முதல் திங்கட்கிழமை காலையில், ஒரு கையில் எண்ணெய்ச் சட்டியும் மறு கையில் சாக்குத் துணியுமாக, மரியம்மாள், கவுஸ் பாஷா சாயிபுவின் தோல் பதனிடும் ஷாப்புக்குள் நுழைந்தாள். ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்று மணலை ஒட்டி அமைந்தது அந்த ஷாப்பு. சுண்ணாம்புக் குழிகளையும் பட்டைக் குழிகளையும் கடந்து சென்றால், கடைக்கோடியில் பழைய உலர்த்துக் கொட்டகை நிற்கும். நூறடி நீளம், சுவர்களுக்குப் பதிலாக மூங்கில் தட்டிகள், மேலே கறுத்த ஓடுகள். ஆட்டுத்தோல்கள் தொங்கிய காலம் போய், இப்போது அங்கே மரவேலை நடந்துகொண்டிருந்தது. உச்சிவெயில் கொளுத்தும் வேளையிலும் அக்கொட்டகையினுள் தவிட்டு நிறத்தில் ஓர் இருள் தங்கியிருக்கும்.

"இன்னா மரியம்மா, புதுப்பொண்ணு மாதிரி வாசல்லயே நிக்கிற? உள்ள வா. பலகை கடிக்காது" என்றாள் மீனாம்பாள். எண்ணெய் தேய்க்கும் வேலைக்கு மரியம்மாளுடன் அமர்த்தப்பட்டவள்.

மரியம்மாள் உள்ளே சென்றாள். அவள் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பலகைகளுக்காகத் தோண்டப்பட்ட குழியில்தான், ஐந்து மாதங்களுக்கு முன், பங்குனியில், அவளுடைய கணவன் தானியேல் இறந்துபோனான்.

அந்தப் பலகைகளின் வரலாறு பின்வருமாறு. சாயிபுவின் மனைவி அக்தரி பேகத்துக்கு நெஞ்சுச்சளி. கடற்காற்று நல்லது என்று வைத்தியர் சொன்னதன் பேரில், சாயிபு கோவளத்தில் ஒரு வீடு கட்டினார். அம்மாள் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதற்காக, வீட்டின் முன்னே கப்பல்தட்டு போன்ற ஒரு மரமேடையும் போட்டார். இரண்டு மழைக்காலம்கூட அது தாங்கவில்லை. உப்புக்காற்றில் இரும்பாணிகள் துருவேறிப் பருத்தன. பருத்த ஆணிகள் பலகைகளைப் பிளந்தன. பிளவுக்குள் புகுந்த ஈரம் தேக்கையே தின்றுவிட்டது. அப்போதுதான் ஷாப்பின் தச்சர் முனிரத்தினம் சாயிபுவிடம் ஒரு யோசனை கூறினார்.

"ஆவாரம்பட்டைத் தண்ணி தோலையே அழுகாம காப்பாத்துது, சாயிபு. மரத்தைக் காப்பாத்தாதா? எட்டு மாசம் குழியில ஊறட்டும். இரும்பே வேணாம், பட்டைத் தண்ணி குடிச்ச மரத்துல இரும்பு பட்டா மை மாதிரி கறுத்து வடியும். எல்லாம் செப்பாணி, மர ஆணி. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சுண்டு விரல் எடம் விட்டா மழை நிக்காது. முப்பது வருசம் நிக்கும்."

சாயிபு சம்மதித்தார். புதிதாக ஒரு குழி வெட்டப்பட்டது. ஓர் ஆள் உயரமும் ஒரு முழமும் ஆழம். பலகைகள் மிதந்து எழாதபடி குறுக்கே உத்திரமும் அதன் மேல் கற்களும் ஏற்றப்பட்டன. எட்டு மாதம் ஊறி, ஆடியில் கரையேறி, இப்போது பலகைகள் கொட்டகையில் ஒத்திகையாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன. இங்கே முழு மேடையையும் பூட்டிப் பார்த்து, ஒவ்வொரு பலகைக்கும் குறியிட்டுப் பிரித்து, ரயிலில் ஏற்றிக் கோவளத்தில் மறுபடியும் பூட்டுவதாக ஏற்பாடு.

மேடை ரயிலேறும் நாளில் மரியம்மாளின் குடியிருப்பும் முடிந்துவிடும். வேலையில் இறந்தவனின் குடும்பத்துக்கு ஷாப்பின் லைன் வீடு உண்டு. குடித்துவிட்டு இறந்தவனின் குடும்பத்துக்கு இல்லை. இது சாயிபுவின் சட்டம். தானியேல் குடித்துவிட்டுத் தானாகக் குழியில் இறங்கினான் என்று நேரில் கண்டதாகச் சொன்னவர் முனிரத்தினம். "எண்ணெய் வேலை முடியறவரைக்கும் அது இருக்கட்டும் சாயிபு, பாவம்" என்று அவளுக்காகப் பரிந்து பேசியவரும் அவரே. ஞாயிறுதோறும் வேதப்புத்தகம் ஏந்திக் கோவிலுக்குப் போன தன் கணவன், பண்டிகைக்குக்கூடக் கள்ளைத் தொடாதவன், அன்று ஏன் குடித்தான் என்பது மரியம்மாளுக்கு விளங்கவேயில்லை. விளங்காத ஒன்றைச் சொன்னவர் தன்னைத் தங்கை என்று அழைப்பவர் ஆயிற்றே என்று, அவள் அதை நம்பினாள்.

அன்று காலை முனிரத்தினம் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, அடிப்பக்கத்தை முதல்ல தேய்ச்சிடுங்க. மேல் பக்கம் வெயில் பாத்துக்கும். அடிப்பக்கத்தைத்தான் கடல் தின்னும்."

"செரிண்ணே."

"சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே."

இப்படிப்பட்ட மனிதர் அவர்.

பலகைகளைக் கவிழ்த்துப் போட்டு இருவரும் முந்திரிக்கொட்டை எண்ணெய் தேய்க்கலானார்கள். பட்டைத் தண்ணீர் ஊறிய மரம் பழுப்பேறிய சதையின் நிறத்தில் இருந்தது. எண்ணெய் பட்டதும் அது கறுத்து மினுங்கும். கொட்டகை முழுவதும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு மணம். அந்த மணம் தானியேலின் வேட்டியிலும், தலைமுடியிலும், அவன் படுத்த பாயிலும் இருந்தது. அவனைப் புதைத்த பின்பும் பாயில் இருந்தது.

பதினேழாம் பலகையைப் புரட்டியபோது மரியம்மாளின் கை நின்றது. அது மற்றவற்றைக் காட்டிலும் வெளிறியிருந்தது. விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். மற்றவை இரண்டு விரல் கனம். இதுவோ அரைவிரல் குறைவு.

"அண்ணே, இது ஏன் மெலிஞ்சிருக்கு?"

முனிரத்தினம் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். "முடிச்சு இருந்துச்சு. இழைச்சேன்."

அவள் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள். மரம் எண்ணெயைக் குடித்தது. குடிக்கக் குடிக்க, வழவழப்பான அப்பரப்பின் அடியிலிருந்து ஏதோ மேலெழுந்து வருவது போலக் கோடுகள் தோன்றின.

முதலில் மெல்லிய நிழல்கள். பின்பு பள்ளங்கள்.

இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கம் ஐந்து. வலப்பக்கத்து ஐந்தில் நான்காவது மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக, பாதியிலேயே நின்றது.

தோல் சீவும் கத்தி பட்டுத் தானியேலின் வலக்கை மோதிர விரல் நுனியை இழந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மரியம்மாள் தன் பத்து விரல்களையும் அப்பள்ளங்களில் பொருத்தினாள். அவை பொருந்தின. ஒரு மனிதன் பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்து, மேல்நோக்கிப் பிறாண்டினால் விழக்கூடிய பள்ளங்கள் அவை.

குடித்துவிட்டு இறங்கியவன் பலகைக்கு மேலே அல்லவா கிடந்திருக்க வேண்டும்?

"மீனா, இதப் பாரு" என்று அவள் கூப்பிட்டாள். மீனாம்பாள் வந்து குனிந்தாள். "இன்னாத்தப் பாக்கறது? நல்லாத்தான் வழவழன்னு இருக்கு. உன் புருசன் முதுகா இது, தடவிக்கினே நிக்கிற" என்று கூறியவள், கூறிய பின்பே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மரியம்மாள் மறுபடியும் பார்த்தாள். பலகை வழவழப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவள் வந்தபோது பதினேழாம் பலகை மேலும் ஒரு நூல் மெலிந்திருந்தது. முனிரத்தினத்தின் காலடியில் புதிய இழைப்புச் சுருள்கள் சிதறிக் கிடந்தன. மற்ற எந்தப் பலகையையும் அவர் இரண்டாம் முறை இழைத்ததில்லை. ஆகவே, தனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிகிறது என்பதை அவள் அறிந்தாள். இடுப்பில் குழந்தையைத் தூக்கிவந்து நின்ற அவளிடம், "நான் எவ்வளவோ தடுத்தேன் தங்கச்சி" என்று பங்குனியில் அவர் கண்ணீர் வடித்தது நினைவுக்கு வந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர் அழுவார். அந்த அழுகையை இன்னொரு முறை பார்க்க அவளால் இயலாது.

புதன்கிழமை மேடை பூட்டி முடிந்தது. நாற்பதடி நீளமும் பதினாறடி அகலமுமாக, இடுப்புயரத் தூண்களின் மேல் அது நின்றது. மணல் புகாமலிருக்க நாற்புறமும் பக்கப்பலகைகள் பொருத்தப்பட்டன. ஆள் ஊர்ந்து உள்ளே போய்வர ஓரிடத்தில் மட்டும் ஒரு பலகை கழற்றும்படி விடப்பட்டது. மேலே நின்று பார்த்தால், பலகைகளின் இடுக்குகள் வழியே அடியிலுள்ள இருட்டு கறுப்புக் கோடுகளாகத் தெரிந்தது.

அன்று பகல், மற்றவர்கள் கஞ்சிக்குப் போயிருந்த வேளையில், மரியம்மாள் மண்டியிட்டு மேற்பரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டும் ஓசை ஒன்று கேட்டது.

கீழிருந்து.

அவள் கையை நிறுத்தினாள். ஓசையும் நின்றது. அவள் தேய்த்தாள். அது தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு முறை. வேகமாகத் தொடங்கி, கடைசித் தட்டு மிக மெதுவாக, கை ஓய்ந்தாற்போல விழுந்தது.

"யாரு?" என்றாள் மெல்ல.

இடுக்கின் வழியே ஆவாரம்பட்டை மணம் எழுந்தது. அது ஊறிய மரத்தின் உலர்ந்த மணமன்று. குழித் தண்ணீரின் பச்சை மணம், தோலும் பட்டையும் புளித்துக் கிடக்கும் ஈர மணம். அவள் கன்னத்தில் குளிர்ச்சி பட்டது.

சாக்குத் துணி இடுக்கின் மேல் கிடந்தது. அது கீழே இழுபட்டது.

அவள் பிடித்தாள்.

இடுக்கிலிருந்து ஒரு விரல் எழுந்து அவளுடைய உள்ளங்கையைத் தொட்டது. நெடுநேரம் நீரில் கிடந்தது போலச் சுருங்கி, வெளுத்து, சில்லிட்டிருந்தது. நுனி இல்லை.

அவள் அலறவில்லை. அவளுக்கே அது பின்னர் வியப்பாயிருந்தது. பயந்தது உண்மை. ஆனாலும் அந்த விரலை அவள் அறிந்தவள். குழந்தைக்கு நிலாவைக் காட்டிய விரல் அது.

"யாரு உங்களை அங்க வச்சது?" என்று கேட்டாள்.

விரல் உள்ளே மறைந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தாள். அது பழுப்புத் தண்ணீரில் நனைந்து கனத்திருந்தது.

வியாழனன்று மேஸ்திரி அமீர் பாஷாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"அரே, மேடைக்கு அடியில ஆளா? பெருச்சாளி இருக்கும்மா. வூடு காலி பண்ணணும்னு உனக்கு பேஜார் ஜாஸ்தி ஆயிடுச்சு. நான் வேணும்னா சாயிபு கிட்ட இன்னொரு வாரம் கேட்டுப் பாக்குறேன். தச்சர் மேல பழி போடாத. உனக்காக அவர் எவ்ளோ கெஞ்சினாரு தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. தன் சொல்லை ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர் வாயிலிருந்தே உண்மை வந்தால்தான் தானியேலின் பெயருக்கு ஒட்டிய அழுக்கு நீங்கும். குழந்தையின் தலைக்கு மேல் கூரை நிற்கும். திங்கட்கிழமை மேடை ரயிலேறப் போகிறது. இடையில் இருப்பவை மூன்றே நாட்கள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் ஷாப்பு வெறிச்சோடிவிடும். சாயிபுவும் பாதிப் பேரும் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். மீதிப் பேர் ஆற்றோரப் புளியமர நிழலில் சோற்று மூட்டையை அவிழ்ப்பார்கள். முனிரத்தினம் மட்டும் கொட்டகையில் செப்பாணித் தலைகளைத் தட்டிச் சமனாக்கிக்கொண்டிருந்தார். மரியம்மாள் அவரிடம் போனாள்.

"அண்ணே, பதினேழாம் பலகை. அடியில கோடு வந்திருக்கு."

சுத்தியல் நின்றது.

"இன்னா கோடு?"

"எனக்கு இன்னாண்ணே தெரியும். பத்துக் கோடு."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் வேர்வை அரும்பியிருந்தது. பிறகு இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு, கழற்றும் பலகையை அகற்றி, மேடைக்கு அடியில் ஊர்ந்து போனார். அவள் மேலே ஏறி, பதினேழாம் பலகையின் மேல் நின்றாள். இடுக்குகள் வழியே அவருடைய முதுகு நகர்வது தெரிந்தது. அது நின்றது. மல்லாந்து படுத்து அவர் இழைக்கத் தொடங்கினார். காலடியில் அந்த உரசலை அவள் உணர்ந்தாள்.

அப்போது, அவர் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்த பக்கப்பலகை, எவரும் தொடாமலே, தன் இடத்தில் சென்று பொருந்திக்கொண்டது.

இழைக்கும் ஓசை நின்றது.

"தங்கச்சி? யாரு மூடினது?"

அடியிலிருந்து நீர் ஊறும் ஓசை வந்தது. புதுக் குழிக்குத் தண்ணீர் விடும்போது மண் குடிப்பது போன்ற ஓசை. உலர்ந்த மணல் தரைதான் அது. ஆனாலும் இடுக்குகளின் கறுப்புக் கோடுகள் மெல்ல மெல்லப் பழுப்பாயின. பழுப்பில் வெளிச்சம் அசைந்தது.

"தங்கச்சி. தண்ணி வருது. ஆளைக் கூப்பிடு."

நீர் பலகையின் அடியைத் தொட்டது. அவள் பாதங்கள் குளிர்ந்தன.

"அண்ணே" என்றாள் அவள். குரல் தன்னுடையதாகவே இல்லை. "அன்னிக்கு அவரு தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ஆளைக் கூப்பிடும்மா."

"கேட்டுச்சா?"

கீழே ஒரு முகம் இடுக்கோடு ஒட்டிக்கொண்டது. உதடுகள் மட்டும் தெரிந்தன.

"கேட்டுச்சு. ஏழு வாட்டி. கோடாலி என் பக்கத்துலதான் இருந்துச்சு. பலகையை வெட்டினா மேடையே போயிடுமேன்னு… எட்டு மாச வேலை தங்கச்சி… குழித் தண்ணியை எறைக்காம ஆளை எறக்கினது சாயிபுக்குத் தெரிஞ்சா… நின்னுட்டேன். தப்புதான். கூப்பிடு."

இதோ, அவள் கேட்க விரும்பியது. ஆனால் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஓடிப்போய் ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்று அவளுடைய புத்தி சொல்லியது. அவளுடைய கால்கள் நகரவில்லை. அவர் நின்றாரே, அதே அளவு நின்றால் என்ன என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது.

பலகை அதிர்ந்தது. ஒன்று. இரண்டு.

அவள் நின்றாள்.

மூன்று. நான்கு.

"மரியா" என்றது கீழிருந்த குரல். "மரியா, கூப்பிடு."

அவளை மரியா என்று அழைத்தவன் உலகத்தில் ஒருவனே. அந்தப் பெயரையும் திருடிக்கொண்டானா இந்த மனிதன் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து. ஆறு.

"மரியா."

ஏழாவது தட்டு மிக மெதுவாக விழுந்தது.

அதன் பின்பே அவள் கத்தினாள். புளியமரத்தடியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அமீர் பாஷாவும் தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்தார். பக்கப்பலகை அசையவில்லை. "மேல வெட்டுங்க" என்றாள் மரியம்மாள். "சாயிபு பலகையாச்சே" என்று ஒருவன் தயங்கினான். அவன் கையிலிருந்த கோடாலியை அவளே பிடுங்கிப் பதினாறாம் பலகையில் போட்டாள். இரண்டு பலகைகள் பிளந்தன.

அடியில் தண்ணீர் இல்லை. உலர்ந்த மணல். அதன் மேல் முனிரத்தினம் தலைமுதல் கால்வரை பழுப்புத் தண்ணீரில் நனைந்து கிடந்தார். வாயிலிருந்து பட்டைத் தூள் வழிந்தது. மூச்சு இல்லை.

பிறகு மூச்சு வந்தது.

அவரைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். சாயிபுவும் வந்துவிட்டார். கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து, முகத்திலிருந்த நீரை மேல்கையால், தோளோடு ஒட்டித் துடைத்துக்கொண்டார். குழியில் வேலை செய்பவர்கள் அப்படித்தான் துடைப்பார்கள். அவர்களுடைய உள்ளங்கைகளில் எப்போதும் பட்டைச் சாறு இருக்கும். தச்சர்கள் அப்படித் துடைப்பதில்லை.

"ஐயா" என்று அவர் சாயிபுவைப் பார்த்துக் கூறினார். பதினைந்து ஆண்டுகளில் முனிரத்தினம் சாயிபுவை ஐயா என்று அழைத்ததில்லை. "தானியேல் குடிக்கல. உத்திரத்து மேல இருந்த கல்லு நகந்து பலகை ஒரு பக்கம் தூக்குச்சு. எறைச்சா ரெண்டு நாள் போயிடும், எறங்குன்னு தச்சர் சொன்னாரு. எறங்கினதும் பலகை மேல மூடிக்கிச்சு. பதினேழாம் பலகையில ஒரு முடிச்சு இருக்கு. முடிச்சுக்கு அடியில ஒரு வாய் காத்து நின்னுச்சு. அது தீர்றவரைக்கும் தட்டிக்கினே இருந்தான். தச்சர் மேல நின்னுக்கினு இருந்தாரு. அவர் நெழல் இடுக்குல தெரிஞ்சுச்சு."

சூழ்ந்து நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"நெழல் கடைசிவரைக்கும் அசையல, ஐயா."

"இவனுக்கு புத்தி கலங்கிடுச்சு, சாயிபு" என்றார் அமீர் பாஷா தாழ்ந்த குரலில். "தன்னைப் பத்தியே யாரோ மாதிரி பேசுறான்."

சாயிபு தாடியை நீவிக்கொண்டார். பலகைக்கு அடியில் காற்று நின்ற இடத்தை மேலே நின்ற ஒருவன் அறிந்திருக்க முடியாது என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்தம்மா வீடு இந்தம்மாவுக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மரியம்மாள் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடல் முனிரத்தினத்தினது. விரல்கள் பத்தும் முழுமையாக இருந்தன. ஆனால் அவ்வுடலிலிருந்து பேசியவன் தன் கணவனே என்பதில் அவளுக்கு ஐயமே இல்லை. தன்னை ஒரு முறை பார்ப்பான், ஒரு சொல் சொல்வான் என்று அவள் காத்து நின்றாள். அவன் எழுந்து, கொட்டகையைக் கடந்து, முனிரத்தினத்தின் வீடு இருக்கும் தெருவை நோக்கிப் போய்விட்டான். அங்கே முனிரத்தினத்தின் மனைவி கெங்கம்மாள் வாசலில் அழுதுகொண்டு நின்றிருந்தாள். அவள் தோளில் கையை வைத்து அவன் உள்ளே சென்றதை, மரியம்மாள் தெருமுனையில் நின்று கண்டாள்.

பிளந்த பலகைகளுக்குப் பதில் வேறு இரண்டு பொருத்தப்பட்டு, மேடை ரயிலேறியது. வண்டிகளில் ஏற்றும்போது அவள் பலகைகளில் காதை வைத்துக் கேட்டாள். வெறும் மரம்தான்.

பத்து நாட்கள் சென்றன. உளி பிடிக்கத் தெரியாதவன் போலத் தடுமாறுகிறான் என்று தச்சரைக் குழிவேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் அவன் லைன் வீடுகளின் வழியாகவே போனான். அவளுடைய வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பவே மாட்டான். பதினோராம் நாள் அவள் வாசலை விட்டு இறங்கி அவன் எதிரே நின்றாள்.

"ஏன் என்கிட்ட வரல?"

அவன் நின்றான். முனிரத்தினத்தின் கண்கள் அவளைப் பார்த்தன.

"வந்தேனே."

"எப்போ?"

"அந்த வெள்ளிக்கிழமை. பேரு சொல்லிக் கூப்பிட்டேன். ஏழு தரம் தட்டினேன். நீ மேல நின்னுக்கினு இருந்த."

"அது அவருன்னு நெனச்சேன்" என்று முணுமுணுத்தாள். "அவருதான் அடியில இருக்காருன்னு…"

"அவனும் அன்னிக்கு எதையோ நெனச்சுக்கினுதான் நின்னான், மரியா."

அவன் நடந்தான். தரை உலர்ந்திருந்தது, அவன் மிதித்த இடங்களில் மட்டும் பழுப்பு ஈரம் பூத்தது.

மரியம்மாள் தன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வெளியே வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குழந்தை மூலையில் உறங்கியது. சாணம் மெழுகிய மண்தரையின் நடுவே அவள் நெடுநேரம் அசையாமல் நின்றாள். இந்த வீடு இனி அவளுடையது. எவரும் வெளியேற்ற மாட்டார்கள்.

அப்போது அவள் காலடியில் தட்டும் ஓசை கேட்டது.

மண்ணுக்கு அடியிலிருந்து, வாயில் நீர் நிரம்பியவன் பேசுவது போல, முனிரத்தினத்தின் குரல் எழுந்தது.

"தங்கச்சி. ஆளைக் கூப்பிடு."

அவள் காலை எடுத்து இரண்டடி தள்ளி வைத்தாள்.

அங்கும் தட்டியது.